பூத்த நரம்பு

1

எங்கள் வீட்டில் பூரி சுட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாவு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, சுடுவதற்கு ஆளும் இருக்கிறாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு பிசைய ஆரம்பித்தால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். அந்த மாவு சப்பாத்தியாகிவிடுகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரம்மா ஒரு தட்டு நிறையப் பூரி கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் நன்றாக உப்பி நின்றன. என் மகள் வடிவு சிரித்தபடி தட்டை வாங்கினாள். அந்த அம்மா படியிறங்கும்வரை காத்திருந்து, ஒவ்வொரு பூரியையும் விரலால் குத்தி அமுக்கினாள். அமுக்கிய பிறகுதான் சாப்பிட்டோம். இதை எழுதிவிட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு நாங்கள் பம்பாய்க்காரர்கள். துபாய்க்காரர்கள், சிங்கப்பூர்க்காரர்களுக்கு அடுத்த வரிசை. எங்களுடையது பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு. மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள். நான் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் வந்தவன். தாராவியில் வீடு, குர்லாவில் அட்டைப்பெட்டிப் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. நாள் முழுக்க இந்தியில் திட்டி, இந்தியில் திட்டு வாங்கி, வீட்டுக்கு வந்துதான் தமிழுக்கு மாறுவேன். எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்ற மிதப்பு உண்டு. அந்த மிதப்பு இறங்கிய கதைதான் இது.

2

என் மனைவி பேச்சியம்மாள் தோவாளைக்காரி. பூ கட்டுகிற குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஒருநாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, “எங்க வீட்டுத் தாக்கோல தந்துட்டுப் போனாவளா?” என்று கேட்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி ஆற்காட்டுப் பக்கம். “தாக்கோலா? மார்கழியில போடுற கோலமா அது?” என்று கேட்க, சந்து முழுக்கச் சிரித்தது. சாவியைத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கும்பலோடு நானும் சிரித்தேன். பேச்சி ரோஷக்காரி. அன்றைக்கே ‘சாவி’க்கு மாறிவிட்டாள். பலாப்பழத்தைச் சக்கை என்பதையும், முந்திரியைக் கொல்லாங்கொட்டை என்பதையும் அதே வேகத்தில் மூட்டை கட்டிவிட்டாள்.

வடிவு இங்கேயே பிறந்தவள். காமர்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள். கோயில் நோட்டீஸைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், இரண்டாம் பத்தியில் தலைவலி வந்துவிடும். அவள் பேசும் தமிழுக்கு ஒரு சூத்திரம் உண்டு. எந்த இந்தி வார்த்தையானாலும் பின்னால் ‘ஆயிருக்கு’ என்று ஒரு வாலைக் கட்டிவிட வேண்டும். சர்க்கரை கத்ம் ஆயிருக்கு, அதாவது தீர்ந்துவிட்டது. மிக்ஸி கராப் ஆயிருக்கு. டிரெயின் பந்த் ஆயிருக்கு. சீப்பு கும் ஆயிருக்கு, அதாவது காணோம். நான் கிண்டல் செய்வேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

பேச்சியின் இந்தி பூக்கடை இந்தி. விடியும் முன்பே தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கெடுத்து, கூடையைத் தலையில் வைத்து ரயிலேறி, மாட்டுங்கா கோயில் பக்கத்து நடைபாதையில் கடை விரிப்பாள். அந்த வேலைக்குத் தேவையான இந்தி மட்டும் அவளிடம் சுத்தமாக இருக்கும். விலை, எடை, சண்டை, அப்புறம் ஃபூல். ஃபூல் என்றால் பூ. அவளைக் கேட்டால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

3

பேச்சியின் அண்ணன் மாணிக்கம் தோவாளைச் சந்தையில் விலை பேசிக்கொண்டு நின்றவர், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. ‘தலையில நரம்பு வெடிச்சிட்டு’ என்றார்கள். எந்த நரம்பு, ஏன் வெடித்தது என்று யாரும் சொல்லவில்லை. இவள் ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து தலை லேசாக வலித்தாலும் அவள் அண்ணனை நினைப்பாள். சொல்ல மாட்டாள், நெற்றியில் கைவைப்பதிலிருந்து எனக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான், மருத்துவ ஆராய்ச்சிக்காக மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கப்போகிறோம் என்று ஒரு குழு எங்கள் பகுதிச் சங்கக் கட்டடத்துக்கு வந்தபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். வந்த டாக்டர் இளம்பெண், மராத்திக்காரர். நோயாளிகள் வேண்டாம், நன்றாக நடமாடுகிறவர்கள்தான் வேண்டும் என்றார். மூளைக்குள் இந்தக் குழாய்கள் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி ஓடுமாம். அடிப்பக்கம் ஒரு வளையமாகச் சேருமாம். பலருக்கு அந்த வளையம் முழுதாகவே இருக்காதாம். நிறையப் பேரைப் படம் எடுத்து ஒப்பிட்டால்தான் எது இயல்பு, எது ஆபத்து என்று தெரியும் என்றார். நான்தான் கூட்டத்துக்குத் தமிழில் சொன்னேன். ரத்தக்குழாய் என்று சொன்னால் யாருக்கும் பிடிபடவில்லை. நம் வாயில் எல்லாமே நரம்புதானே. ஊசி போடுவது நரம்பில், கை மரத்துப்போவது நரம்பால், ரயில்வே சுவரில் லேகியக்காரன் ஒட்டும் நோட்டீஸும் நரம்புத் தளர்ச்சி. இந்தியிலும் ‘நஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நானும் ‘மூளை நரம்பு’ என்றே சொல்லிவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஊசி கிடையாது, மருந்து கிடையாது, அவர்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்க் காந்த இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருந்தால் போதும். ஆனால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. மெட்டியைக் கழற்றினாள், மூக்குத்தியைக் கழற்றினாள். தாலிக்கு மட்டும் கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். கடைசியில் ஒரு மஞ்சள் துண்டை மஞ்சள் கயிற்றில் முடிந்து கட்டிக்கொண்டு, தாலியைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். “பைய கைய வச்சுப் பொத்திக்கிடுங்க. உள்ள கெடக்கேன், உங்களுக்கு ஒண்ணும் ஆயிரப்பிடாது” என்றாள். வெளியே வந்ததும் முதலில் என் சட்டைப் பையைத்தான் பார்த்தாள். உள்ளே ஒரே டமடமவென்று இருந்ததாம், தண்டவாளத்துக்கு அடியில் படுத்திருந்த மாதிரி.

4

சில நாள் கழித்து அந்தக் குழுவிடமிருந்து வடிவின் போனுக்கு அழைப்பு வந்தது. எனக்குப் பட்டறையில் ஆள் குறைவு. அம்மாவும் மகளும் போய்வந்தார்கள். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே பேச்சி சொன்னாள்.

“தலையில நரம்பு ஒண்ணு பூத்திருக்காம்.”

“பூத்திருக்கா?”

“ஆமா. வயசானா கண்ணு பூத்துப் போவுதுல்லா, அது மாரி இருக்கும். உங்களயும் கூட்டிட்டுச் சீக்கிரம் வரச் சொன்னாவ. சொமை தூக்கப்பிடாதாம். நான் தூக்காட்டா பூவு தானா நடந்து கடைக்கு வருமா?”

நான் சிரித்தேன். “கையில பூ, தலையில பூ, இப்பம் தலைக்குள்ளயும் பூவா? பொருத்தம்தாம்ட்டி” என்றேன். அவளும் சிரித்தாள். அண்ணனுக்கு வந்த கேடு தனக்கு இல்லை என்ற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. அண்ணனுக்கு வெடித்தது, இவளுக்கு வெறுமனே பூத்திருக்கிறது.

நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. பூக்காரிக்கு அந்த நாட்களை விட்டால் வருஷமே இல்லை. கூடை இரண்டு மடங்கானது. வடிவு மட்டும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள், “ப்பா, டாக்டர்கிட்ட எப்ப போறோம்?” நவராத்திரி முடியட்டும் என்றேன். ஒருநாள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, “உங்க ரெண்டு பேருக்கும் டர்ரே இல்லையா?” என்றாள். கண்ணில் பூ விழுந்ததற்கெல்லாம் பயந்தால் ஊரில் ஒரு கிழவனும் வாழ முடியாது என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். அவளுக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. புரியாததைக் கேட்கிற பழக்கம் அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை பூரி சுட்டோம். வடிவு தேய்த்துக் கொடுக்க, பேச்சி எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“ம்மா, எண்ணெய் இன்னும் கரம் ஆகல. பூரி ஃபூல் ஆகவே இல்ல பாரு,” என்றாள் வடிவு.

அடுத்த பூரி எண்ணெயில் விழுந்தது. கரண்டியால் ஒரு தட்டு. மெல்ல எழுந்து உருண்டு நின்றது.

“ஹாங், இது ஃபூல் ஆயிருச்சு.”

என் கையில் நகவெட்டி நின்றுவிட்டது. வாழ்நாளில் பாதியை இந்தியில் கழித்தவன் நான். பூரி ஃபூல் ஆகும், டயர் ஃபூல் ஆகும், அழுதால் முகம் ஃபூல் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தச் சொல் என் காதுக்கு வந்தபோது தமிழ்ச் சேலை கட்டிக்கொண்டல்லவா வந்தது.

“வடிவு,” என்றேன். “அன்னைக்கு டாக்டர் உங்கம்மாவப் பத்தி என்ன சொன்னாங்க? தமிழ்ல வேண்டாம். அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு.”

“ஏக் நஸ் ஃபூல் கயீ ஹை,” என்றாள் வடிவு. “நானும் அம்மாகிட்ட அதானே சொன்னேன். ஒரு நஸ் ஃபூல் ஆயிருக்குன்னு.”

“பூத்திருக்குன்னு சொன்னியா?”

“பூத்துனா? ஃபூல்ப்பா. இப்டி,” என்று கன்னத்தை உப்பிக் காட்டினாள். “ஃபட் கூட ஆகலாம், டப்புன்னு ஒடையலாம்னு சொன்னாங்க. நான்தான் தினமும் கேட்டேனே. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுட்டே இருந்தீங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். காலேஜ் போறப்ப டிரெயின்லயே அழுதேன்.”

பேச்சி அடுப்பை அணைத்தாள். தட்டில் இருந்த பூரியைப் பார்த்தாள். அதன் மேல்தோல் ஒரு பக்கம் காகிதம் போல மெலிந்து, உள்ளே இருந்த ஆவி தெரிந்தது.

“எங்க அண்ணனுக்கும் மொதல்ல இப்பிடித்தான் வீங்கியிருக்கும் என்னா?” என்றாள். “பொறவுதான் வெடிச்சிருக்கும்.”

முந்தின நாள் காலையில்கூட அவள் கூடை தூக்கியிருந்தாள்.

6

ஞாயிறன்று ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் போன் எடுக்கவில்லை. அன்று முழுக்க நாங்கள் மூவரும் ஒரே அறையில் மெல்லப் பேசி, மெல்ல நடந்து, அவள் இருமினால் எழுந்து நின்று, அவள் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் பாய்ந்து பிடுங்கி, ஒரு வழியாகப் பொழுதைத் தள்ளினோம். “உங்க ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்தாலே எனக்கு வெடிச்சிரும் போலருக்கு” என்றாள் பேச்சி. அதற்கும் சிரிக்கப் பயமாக இருந்தது.

திங்கள்கிழமை அந்த மராத்தி டாக்டர் எங்களை உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாகக் கொடிகள். பேச்சியின் தலைக்குள் இத்தனை ஓடுகிறதா என்று இருந்தது. டாக்டர் படத்தைச் சுழற்றினார். அடிப்பக்கத்து வளையத்தில், இரண்டு கிளை பிரிகிற இடத்தில், ஒரு மொக்கு. அதன் முனையில் இன்னொரு குட்டி மொக்கு. பார்க்க நிஜமாகவே பூ மொக்கு மாதிரிதான் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆராய்ச்சிக்காக எடுத்த படம் இது, இனி ஆஸ்பத்திரிதான் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் வேறு தலைவலி. ஆராய்ச்சிப் படத்தில் பெயர் இருக்காது, ஒரு எண்தான் இருக்கும். யாருடைய மூளை என்று வெளியே தெரியக் கூடாதாம், அது அவர்கள் நியாயம். கவுண்டரில் இருந்தவருக்கு அது புரியவில்லை.

“யே கிஸ்கா திமாக் ஹை?” என்று கேட்டார். இது யாருடைய மூளை?

என் மனைவியுடையது என்றேன். அப்படியென்றால் பெயர் எங்கே என்றார். மனைவியே இதோ நிற்கிறாளே என்றேன். அது மனைவி, இது மூளை, இரண்டும் ஒன்று என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். ஆதார் அட்டையை நீட்டினேன். அதில் பேச்சியம்மாள், ரேஷன் கார்டில் வெறும் பேச்சி அம்மா. சரி, இப்போது இரண்டு பொம்பளையும் ஒரு மூளையும் ஆகிவிட்டது என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் கத்த வாயெடுத்தபோது வடிவு என் கையை அழுத்திப் பிடித்தாள். அம்மா பின்னால் நிற்கிறாள் என்று கண்ணால் காட்டினாள். சத்தத்தை விழுங்கிக்கொண்டேன். கடைசியில் அந்த மராத்தி டாக்டரே ஆட்டோவில் வந்து, எங்களோடு வரிசையில் நின்று, இந்த எண்ணும் இந்தப் பெண்ணும் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அன்று நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

7

தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய், அந்த மொக்குக்குள் கம்பிச் சுருளை நிரப்பி அடைத்துவிடுவார்கள். தலையைத் திறக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி டாக்டர் வந்து விளக்கினார். வடிவிடம், அம்மாவுக்குச் சொல் என்றார்.

அவள் என்னைத் தனியே இழுத்தாள். “ப்பா, ஸூஜன்க்குத் தமிழ்ல வீக்கம்தானே? வேற அர்த்தம் ஒண்ணும் இல்லல்ல?” கண்ணெல்லாம் பயம். அதன் பிறகு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள். வீக்கம். உடையலாம். உடையிறதுக்கு முன்னாடி அடைப்பாங்க. கை கால் இழுக்கலாம். பேச்சு போகலாம்.

கடைசியாகச் சொன்னது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. பேச்சி போகலாம்.

“எங்க அண்ணனயும் இப்பிடிப் படம் பிடிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமான்னு கேளு” என்றாள் பேச்சி. வடிவு கேட்டாள். டாக்டர் ஆமென்று தலையசைத்தார். வடிவு எதையும் மொழிபெயர்க்கவில்லை. பேச்சி தாலியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, புது மஞ்சள் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் சிகிச்சை அறையின் கதவு திறந்து, நல்லபடியாக முடிந்தது, மயக்கம் தெளிகிறது, ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். மொழிக்கு ஆள் வேண்டும் என்பதால் வடிவு போனாள். நான் வெளியே நின்று, சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள் சொன்னபடி.

கொஞ்ச நேரத்தில் வடிவு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“ப்பா, அம்மாக்குப் பேச்சு போயிருச்சு.”

“என்னட்டி சொல்ற?”

“டாக்டர் கையத் தூக்கச் சொன்னாங்க, அம்மா தூக்குனாங்க. பென் காட்டுனாங்க, பேனான்னு சொன்னாங்க. அப்றம் டாக்டர் ஸ்கூட்டர் சாவிய எடுத்துக் காட்டி இது என்னன்னு கேட்டாங்க. அம்மா என்னமோ சொல்றாங்கப்பா. திரும்பத் திரும்ப அதையே சொல்றாங்க. அது வார்த்தையே இல்ல. என்ன சொல்றாங்கன்னு டாக்டர் என்கிட்ட கேட்டாங்க. தெரியலன்னு சொல்லிட்டேன். திரும்ப ஸ்கேனுக்கு எடுத்துட்டுப் போறாங்களாம். உள்ள எங்கயோ அடைச்சிருக்கலாமாம்.”

“என்ன சொல்றா? அப்படியே சொல்லு.”

வடிவு அழுதுகொண்டே, தெரியாத பாஷையைத் திருப்பிச் சொல்வது போல எழுத்தெழுத்தாகச் சொன்னாள். “தா… தாக்… தாக்கோல்.”

காவலுக்கு நின்றவர் கையை நீட்டித் தடுப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். கட்டிலை நகர்த்த இரண்டு பேர் தயாராக நின்றார்கள். அவள் சொன்னது சரிதான், அவள் பிறந்த ஊரில் சாவிக்கு அதுதான் பெயர் என்று டாக்டரிடம் இந்தியில் சொன்னேன். டாக்டர் நம்பாமல் வடிவைப் பார்த்தார். மகளுக்குத் தெரியாத தாய்மொழி எப்படி இருக்க முடியும் என்று அவருக்குச் சந்தேகம். சமாதானத்துக்காக எதையும் சொல்லாதீர்கள், நேரம் போனால் மூளை போய்விடும் என்றார்.

நான் சாவியை வாங்கிப் பேச்சியின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“ஏட்டி, இது எதுக்கு உள்ளது?”

அவள் கண்ணை இடுக்கி, சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாக்கு கொஞ்சம் குழறியது.

“வீடு பூட்டத்தான். அவசரத்துல வந்தியளே, வீட்டப் பூட்டுனியளா?”

வடிவு முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை இந்தியில் டாக்டரிடம் சொன்னாள். கட்டிலைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். நான் வீட்டைப் பூட்டியிருக்கவில்லை. பூட்டிவிட்டேன் என்று சொன்னேன்.

இப்போது பேச்சி கடைக்குப் போகிறாள். கூடையை நானோ வடிவோ தூக்குகிறோம். நேற்று காலையில் வடிவு கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அலமாரியைக் குடைந்துகொண்டே கத்தினாள், “ம்மா, தாக்கோல் கும் ஆயிருக்கு.” எனக்குக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. பேச்சி அடுப்படியிலிருந்தே, “கும்மும் ஆவல ஒண்ணும் ஆவல, ஆணியிலதான் கெடக்கு” என்றாள்.